தேவைக்கூற்று உருவாகும் விதம்: வணிகப் பகுப்பாய்வில் நெறியாள்கை, கருத்துப் பரிமாற்றம், பேச்சுவார்த்தை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனம் புதிய மென்பொருளையோ புதிய நடைமுறையையோ கொண்டுவரும்போது, அது எதைச் செய்ய வேண்டும் என்பதை வரையறுத்துத் தருபவர் வணிகப் பகுப்பாய்வாளர். அவருக்கு வேண்டிய நெறியாள்கை, கருத்துப் பரிமாற்றம், பேச்சுவார்த்தை ஆகிய திறன்கள் பெரும்பாலும் 'மென்திறன்கள்' என்னும் ஒரே பெயரில் தொகுக்கப்படுகின்றன. இம்மூன்றும் வெவ்வேறு பணிகளைச் செய்பவை என்பதையும், ஒன்றின் குறையை மற்றொன்றைக் கொண்டு ஈடுசெய்ய இயலாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இலண்டன் அவசர ஊர்திச் சேவையின் கணினித் திட்டம், நாசாவின் செவ்வாய்த் தட்பவெப்பச் சுற்றுக்கலம், அமெரிக்க எஃப்.பி.ஐ. அமைப்பின் வழக்குக் கோப்பு மென்பொருள் ஆகிய மூன்றும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வணிகப் பகுப்பாய்வு, தேவைக்கூற்று, நெறியாள்கை, கருத்துப் பரிமாற்றம், பேச்சுவார்த்தை, நிலைப்பாடு, அக்கறை

முன்னுரை

வணிகப் பகுப்பாய்வு தனித்தொழிலாக வரையறை பெற்றது அண்மைக் காலத்திலேயாகும். இத்தொழிலுக்கான பன்னாட்டு நிறுவனம் 2003ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் தொடங்கப்பட்டது. அது வெளியிட்டுவரும் அறிவுத்தொகுப்பு வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2015இல் வெளிவந்தது. பகுப்பாய்வாளருக்குரிய அடிப்படைத் தகுதிகளை அவ்வழிகாட்டி ஆறு பிரிவுகளாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று கருத்துப் பரிமாற்றத் திறன். மற்றொன்று ஊடாட்டத் திறன். நெறியாள்கையும் பேச்சுவார்த்தையும் இவ்விரண்டாம் பிரிவின்கீழ் வருகின்றன. வரைபடம் வரைதல், தரவுகளை ஆராய்தல் போன்ற நுட்பத் திறன்களுக்கு நிகரான இடம் இவற்றுக்கு அளிக்கப்பட்டுள்ளது குறிப்பிடத்தக்கது.

எனினும் நடைமுறையில் இத்திறன்கள் பணிவு, இனிமையாகப் பேசுதல், சரளமான ஆங்கிலம் என்ற அளவிலேயே பல இடங்களில் புரிந்துகொள்ளப்படுகின்றன. தேவைகள் ஏற்கெனவே எங்கோ முழுமையாக இருக்கின்றன, பகுப்பாய்வாளர் அவற்றைக் கேட்டு எழுதிவந்தால் போதும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். 'தேவைகளைத் திரட்டுதல்' என்ற வழக்கும் அவ்வெண்ணத்தை வலுப்படுத்துகிறது. உண்மையில் ஒரு நிறுவனத்தின் பல பிரிவினர் ஒரே பணியைப் பலவாறாக அறிந்திருப்பர், பலவற்றை விரும்புவர், அவற்றுட் சில ஒன்றோடொன்று முரண்படும். யாருடைய அறிவு கணக்கில் கொள்ளப்படுகிறது, அது எந்தப் பொருளில் புரிந்துகொள்ளப்படுகிறது, முரண்படுபவற்றுள் எது ஏற்கப்படுகிறது என்ற மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தேவைக்கூற்று உருவாகிறது. முதல் வினா நெறியாள்கைக்கும், இரண்டாவது கருத்துப் பரிமாற்றத்திற்கும், மூன்றாவது பேச்சுவார்த்தைக்கும் உரியன.

தேவையும் தேவைக்கூற்றும்

இவ்விடத்தில் ஒரு சொற்சிக்கலைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மேற்கூறிய வழிகாட்டி, தீர்க்கப்பட வேண்டிய சிக்கலையோ பயன்படுத்திக்கொள்ளத்தக்க வாய்ப்பையோ ஒரு சொல்லாலும், அதனைப் பணிக்குப் பயன்படும் வகையில் எடுத்துரைக்கும் வடிவத்தை வேறொரு சொல்லாலும் குறிக்கிறது. தமிழில் இரண்டையும் 'தேவை' என்றே வழங்குகிறோம். நோயாளிகள் நெடுநேரம் காத்திருக்கிறார்கள் என்பது முதல்வகை. பதிவு முடிந்தவுடன் வரிசை எண்ணும் மருத்துவரின் அறை எண்ணும் அச்சிடப்பட வேண்டும் என்பது இரண்டாம் வகை. முதலாவது உலகில் இருப்பது. இரண்டாவது மனிதர்கள் பேசி முடிவு செய்து எழுதுவது. எனவே முன்னதைத் 'தேவை' என்றும், பின்னதைத் 'தேவைக்கூற்று' என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. ஒரு தேவைக்குப் பல கூற்றுகள் இருக்க முடியும் என்பதே பேச்சுவார்த்தைக்கு இடம் தருகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நெறியாள்கை: யாருடைய அறிவு இடம்பெறுகிறது?

இலண்டன் அவசர ஊர்திச் சேவை ஏறத்தாழ 600 சதுர மைல் பரப்பில் இயங்கிய பெரிய அமைப்பு. 1990களின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 2000 முதல் 2500 அழைப்புகள் அதற்கு வந்தன. அழைப்புகளைத் தாளில் எழுதி, எந்த ஊர்தியை அனுப்புவது என்பதைப் பணியாளர்களே முடிவு செய்துவந்த முறைக்கு மாற்றாக ஒரு கணினி அமைப்பு உருவாக்கப்பட்டது. 1992 அக்டோபர் 26 அன்று அது முழுமையாகப் பயன்பாட்டிற்கு வந்தது. ஊர்திகள் எங்கே உள்ளன என்பது குறித்த தகவல் பிழைபட, ஓர் இடத்திற்கு இரண்டு ஊர்திகள் செல்வதும், அருகில் உள்ளதை விடுத்துத் தொலைவில் உள்ளது அனுப்பப்படுவதும் நிகழ்ந்தன. கவனிக்கப்படாத எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன. உதவி வராததால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அவ்வழைப்புகளால் நெரிசல் மேலும் பெருகியது. மறுநாளே பாதியளவு பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது. தலைமை நிருவாகி பதவி விலகினார்.

1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கையின் ஒரு முடிவு நம் கவனத்திற்குரியது. அவ்விரு நாள்களிலும் கணினி நுட்ப நோக்கில் பழுதுபடவில்லை, வடிவமைக்கப்பட்டவாறே அது பெரும்பாலும் இயங்கியது, வடிவமைப்பிலேயே பெருங்குறைகள் இருந்தன என்பது அவ்வறிக்கையின் கருத்து. ஊர்திகளின் இருப்பிடமும் நிலையும் எப்போதும் துல்லியமாகத் தெரியும் என்ற அடிப்படையில் அமைப்பு உருவாக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட ஊர்தியை விடுத்து வேறொன்றை எடுத்துச் செல்வதும், நெருக்கடியில் உரிய பொத்தானை உரிய நேரத்தில் அழுத்தாமல் விடுவதும் அன்றாட உண்மைகள். ஊர்தியில் செல்பவர்கள் அறிந்திருந்த இவ்வுண்மைகளுக்கு வடிவமைப்பில் போதிய இடமில்லை. தேவைக்கூற்று ஆவணம் எழுதப்பட்ட காலத்தில் ஊர்தி ஊழியர்களின் பங்கேற்பு மிகக் குறைவாக இருந்ததையும் அறிக்கை சுட்டுகிறது. ஆயினும் தொழிற்சங்கப் பேராளர்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டே இருந்தது.

அழைப்பு அனுப்புதலும் நெறியாள்கையும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. நிருவாகத்தின்மீது நம்பிக்கை குறைந்த ஊழியர்கள் ஒரு மடலைக் கண்டு கூட்டத்திற்கு வந்துவிடுவதில்லை. வந்தாலும் மேலதிகாரிகளின் முன் வாய்திறப்பதில்லை. அவர்கள் வருவதற்கும், வந்தபின் பேசுவதற்கும், பேசியது பதிவாவதற்கும் உரிய சூழலை அமைப்பதே நெறியாளரின் பணி.

இப்பணிக்கென வகுக்கப்பட்ட முறைகள் சில உள்ளன. 1970களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான கூட்டு வடிவமைப்பு அமர்வு அவற்றுள் ஒன்று. பயனாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் ஒரே அறையில் அமர்த்தி, பயிற்சிபெற்ற நெறியாளர் ஒருவரைக் கொண்டு தேவைகளைப் பேசி முடிவுசெய்வது அம்முறை. அமர்வில் நெறியாளர் வேறு, குறிப்பெடுப்பவர் வேறு, முடிவெடுக்கும் உரிமையுடையவர் வேறு. மற்றொரு முறையில் ஒவ்வொருவரும் முதலில் பேசாமல் தம் கருத்தைத் தாளில் எழுதுவர். பின்னர் ஒருவர் ஒரு கருத்து என்ற வரிசையில் அவை பலகையில் ஏற்றப்படும். விவாதம் அதன் பின்னரே தொடங்கும். மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் பிறர் அதையே வழிமொழியும் வழக்கத்தை இது தடுக்கிறது. பதவி வேறுபாடு பேச்சைக் கட்டுப்படுத்தும் நம் அலுவலகங்களுக்கு இவ்வெளிய முறை பெரிதும் பொருந்தும்.

நெறியாளர் பேசப்படும் பொருளில் சார்பற்றவராக இருத்தல் வேண்டும். பகுப்பாய்வாளருக்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு தரப்பிடம் ஊதியம் பெறுபவர். சிக்கலை ஆராய்ந்து தமக்கென ஒரு கருத்தும் கொண்டவர். அக்கருத்தை நெறியாளர் இருக்கையிலிருந்து சொன்னால், அவையினர் அதைக் கூட்டத்தின் முடிவாகக் கொள்வர். ஆகவே கருத்துரைக்க வேண்டிய தலைப்பு வரும்போது நெறியாள்கைப் பொறுப்பை வேறொருவரிடம் வெளிப்படையாக ஒப்படைத்துவிட்டுப் பேசுவதே முறையாகும்.

கருத்துப் பரிமாற்றம்: எந்தப் பொருளில் புரிந்துகொள்ளப்படுகிறது?

உரியவர்கள் அனைவரும் பங்கேற்று, அவர்கள் சொன்னவை ஆவணத்தில் எழுதப்பட்ட பின்னரும் பொருள் மாறுபடக்கூடும். 1998 டிசம்பரில் ஏவப்பட்ட செவ்வாய்த் தட்பவெப்பச் சுற்றுக்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டது. கலத்தின் சிறு உந்திகள் தரும் விசைத்தாக்கத்தைக் கணக்கிட்டுத் தரும் தரைநிலைய மென்பொருள் அதனைப் பவுண்டு-நொடி அலகில் வெளியிட்டது. அதைப் பெற்ற வழிச்செலுத்தக் குழுவினர் நியூட்டன்-நொடி அலகில் உள்ளதாகக் கொண்டு கணக்கிட்டனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. விளைவாகக் கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் வளிமண்டலத்தை நெருங்கியது.

மெட்ரிக் அலகே பயன்படுத்தப்பட வேண்டும் என்பது இரு குழுக்களுக்கும் இடையிலான இடைமுக ஆவணத்தில் எழுதப்பட்டேயிருந்தது. பயண வழியில் ஏதோ பொருந்தவில்லை என்ற ஐயம் வழிச்செலுத்தக் குழுவினரிடையே முன்னரே எழுந்திருந்தது. அது முறைப்படி பதிவாகி உரியவர்களிடம் சென்று தீர்க்கப்படவில்லை. திட்டத்தின் பிரிவுகளுக்கிடையே போதிய கருத்துப் பரிமாற்றம் இல்லாமை விசாரணைக் குழு பட்டியலிட்ட துணைக்காரணங்களுள் ஒன்று. எழுதப்பட்ட சொல் படிப்பவரின் செயலாக மாறியதா என்று சரிபார்ப்பதுவரை கருத்துப் பரிமாற்றம் நிறைவுறுவதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இதற்குப் பகுப்பாய்வாளர் கையாளத்தக்க வழிகள் மூன்று. முதலாவது, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தல். கூறியது கூறல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றென நன்னூல் வகுக்கிறது. அது நூலாசிரியருக்குச் சொல்லப்பட்டது. தேவையைக் கேட்டறிபவருக்கோ கூறியதைத் திருப்பிக் கூறுதல் கடமையாகும். பேசியவரின் சொற்களையே ஒப்புவித்தால் பயனில்லை. வேறு சொற்களில் சொல்லும்போதுதான் பொருள் வேறுபாடு வெளிப்படும்.

இரண்டாவது, அளவில்லாச் சொற்களுக்கு அளவு பெறுதல். 'விரைவாக', 'எளிதாக', 'பாதுகாப்பாக' என்ற சொற்களை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளும் அளவு வேறாக இருக்கும். 'விரைவாகப் பதிவாக வேண்டும்' என்பவரிடம், இப்போது எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு ஆனால் போதும், கூட்டம் மிகுந்த காலை வேளையிலும் அது பொருந்துமா என்று கேட்பது வேண்டும். சான்று ஒன்றைத் தந்து, 'இவ்வாறு நிகழ்ந்தால் கணினி என்ன செய்ய வேண்டும்?' என வினவுவதும் நல்ல பயன் தரும்.

மூன்றாவது, ஒப்புதலின் தன்மையை அறிதல். தமிழில் 'சரி' என்னும் சொல் 'கேட்டுக்கொண்டேன்' என்றும், 'ஒப்புக்கொள்கிறேன்' என்றும், 'இதற்குமேல் பேச விரும்பவில்லை' என்றும் பொருள்படும். நேரில் இருப்போர்க்குக் குரலும் முகமும் இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்து அயல்நாட்டு நிறுவனங்களுக்காகத் தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் பணியாற்றும் மென்பொருள் குழுக்களுக்கு அவ்வாய்ப்பு குறைவு. மறுமுனையில் இருப்பவர் ஒவ்வொரு 'சரி'யையும் ஒப்புதலாகவே எழுதிக்கொள்வார். எனவே கூட்ட முடிவில் ஒப்புக்கொள்ளப்பட்டவை, ஒப்புக்கொள்ளப்படாதவை, விடை தேட வேண்டியவை என மூவகையாகப் பிரித்து அன்றே எழுதியனுப்புதல் நலம்.

பேச்சுவார்த்தை: எது ஏற்கப்படுகிறது?

எஃப்.பி.ஐ. அமைப்பு தன் தாள்வழி வழக்குக் கோப்புகளுக்கு மாற்றாக ஒரு மென்பொருளை உருவாக்க 2001இல் ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் திட்டத்தின் நோக்கம் விரிந்தது. முகவர்களும் வடிவமைப்பாளர்களும் பங்கேற்ற கூட்டு அமர்வுகள் மாதக்கணக்கில் நடைபெற்றன. இலண்டனில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. பயனாளர்கள் அறைக்குள் அமர்ந்திருந்தனர். ஆயினும் அவ்வமர்வுகளின் பயனாக 800 பக்கங்களுக்கும் மேற்பட்ட தேவைக்கூற்று ஆவணமே உருவாயிற்று. கேட்கப்பட்டவை சேர்ந்துகொண்டே சென்றன; எதை விடுவது என்பது முடிவாகவில்லை. ஒப்பந்தம் செய்யப்பட்ட பின்னரும் மாற்றங்கள் தொடர்ந்தன. ஒப்படைக்கப்பட்ட மென்பொருளின் குறைகளுக்கு யார் பொறுப்பு என்பதை முடிவுசெய்ய நடுவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் ஆராய்ந்த 59 சிக்கல்களுள் 19 தேவை மாற்றத்தால் விளைந்தவை என்றும், 40 மென்பொருள் நிறுவனத்தின் பிழைகள் என்றும் கண்டார். ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான அத்திட்டம் 2005இல் கைவிடப்பட்டது.

நெறியாள்கை நல்ல முறையில் நடந்தால் விருப்பங்கள் பெருகும். அதுவே அதன் வெற்றி. பெருகியவற்றைப் பணத்திற்கும் காலத்திற்கும் அடங்குமாறு குறைப்பது பேச்சுவார்த்தையின் பணி. அது நடைபெறாதபோது, தொடக்கத்தில் மேசையில் பேசி முடித்திருக்க வேண்டிய முரண்பாடு இறுதியில் நடுவர்முன் வந்து நிற்கிறது.

பேச்சுவார்த்தை குறித்த இன்றைய சிந்தனைக்கு அடித்தளமிட்டவர்களுள் அமெரிக்க அறிஞர் மேரி பார்க்கர் ஃபோலெட் (1868–1933) முதன்மையானவர். முரண்பாட்டைத் தீர்க்க அடக்குதல், விட்டுக்கொடுத்தல், ஒருங்கிணைத்தல் என மூன்று வழிகள் உள்ளதாக அவர் கூறினார். நூலக அறையொன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். ஃபோலெட் மூடியிருக்க விரும்பினார். அவருக்கு வேண்டியது காற்று. ஃபோலெட்டுக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே மேலே படாதிருத்தல். அடுத்த அறையின் சன்னலைத் திறந்ததும் இருவர் விருப்பமும் நிறைவேறின. ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரி ஆகியோர் 1981இல் வெளியிட்ட பேச்சுவார்த்தை நூல் இக்கருத்தை முறைப்படுத்தியது. ஒருவர் வாயால் கேட்பது நிலைப்பாடு. அதைக் கேட்கத் தூண்டும் காரணம் அக்கறை. நிலைப்பாடுகள் மோதும் இடத்திலும் அக்கறைகள் பொருந்தக்கூடும் என்பது அவர்கள் கொள்கை.

மருத்துவமனை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நோயாளியின் முழு விவரங்களையும் பதிவு செய்த பின்னரே வரிசை எண் தர வேண்டும் என்கிறது கணக்குப் பிரிவு. பெயரும் வயதும் போதும் என்கின்றனர் மருத்துவர்கள். பாதி விவரங்களைக் கேட்பது என்று நடுவில் முடித்தால் இரு தரப்பும் மனக்குறையுடன் செல்லும். ஏன் வேண்டும் என்று தனித்தனியே கேட்டால் காட்சி மாறுகிறது. விவரக் குறைவால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படக் கூடாது என்பது கணக்குப் பிரிவின் அக்கறை. நோயாளி காத்திருக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அக்கறை. முன்னதற்குரிய காலக்கெடு கட்டணம் செலுத்தும் வேளை. பின்னதற்குரியது வாயிலில் நுழையும் வேளை. குறைந்த விவரங்களோடு வரிசை எண் தந்து, எஞ்சியவற்றைக் காத்திருக்கும் நேரத்திலோ கட்டணம் செலுத்துமிடத்திலோ பெறும் தேவைக்கூற்றை இரு தரப்பும் ஏற்கக்கூடும். தேவை ஒன்றாயினும் கூற்றுகள் பல என்று முன்னர்க் கண்டது இதுவே.

எல்லா முரண்பாடுகளும் இவ்வாறு ஒருங்கிணைந்துவிடுவதில்லை. பணமோ காலமோ போதாதபோது எதையேனும் விட்டே ஆக வேண்டும். அங்கு யார் உரக்கப் பேசினார் என்பது அளவுகோலாகிவிடாமல் பொது அளவுகோல்களை முன்னரே உடன்பட்டு வைப்பது நலம்: சட்டம் வற்புறுத்துகிறதா, எத்தனை பேருக்குப் பயன்படும், இல்லாவிட்டால் என்ன நேரும் என்பன போல. கட்டாயம் வேண்டுவன, வேண்டுவன, இயன்றால் வேண்டுவன, இம்முறை இல்லாதன என நால்வகையாகப் பகுக்கும் முறையும் பரவலாக வழங்குகிறது. இதில் இறுதி வகையே உண்மையான சோதனை. அவ்வகையில் எதுவும் எழுதப்படவில்லையெனில் பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை என்று கொள்ளலாம். உடன்பாடு எட்டப்படாவிட்டால் தம் கையில் எஞ்சும் மாற்றுவழி என்ன என்பதை ஒவ்வொரு தரப்பும் அறிந்திருத்தலும் வேண்டும். பழைய முறையே தொடரும் என்பது பலருக்கும் மாற்றுவழியாக இருக்கும். அதை உணர்ந்தவர் பொருந்தாத உடன்பாட்டுக்கு இசையார்.

மூன்றும் இணையும் முறை

மூன்று திறன்களும் ஒருவரிடமே அமையலாம். ஆயினும் அவற்றை ஒரே வேளையில் கலந்து கையாளுதல் கூடாது. கருத்துகள் வெளிவரும் கட்டத்திலேயே 'இதற்குப் பணமில்லை' என்று பேரம் தொடங்கினால் தயங்கிப் பேசுவோர் அடங்கிவிடுவர். பொருள் தெளிவாகும் முன் பேச்சுவார்த்தை தொடங்கினால், இரு தரப்பும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் கொண்டு ஒப்பமிடும். எனவே முதலில் அனைவரையும் பேசவைத்தல், பின்னர்ப் பேசியதன் பொருளை உறுதிசெய்தல், அதன்பின் தெரிவு செய்தல் என்ற வரிசை பொருத்தமானது. ஒவ்வொரு கட்டத்திலும் 'இப்போது எதைச் செய்கிறோம்' என்று அவைக்கு அறிவித்தல் குழப்பத்தைக் குறைக்கும். தெரிவின்போது புதிய தகவல் வெளிப்பட்டால் முதற்கட்டத்திற்குத் திரும்பவும் நேரலாம்.

முடிவுரை

இலண்டனில் ஊர்தி ஊழியரின் அறிவு ஆவணத்தில் இடம்பெறவில்லை. செவ்வாய்க் கலத்தில் ஆவணச் சொல் செயலாகவில்லை. எஃப்.பி.ஐ. திட்டத்தில் சேர்ந்தவற்றுள் எதை விடுவது என்பது முடிவாகவில்லை. மூன்றும் பெருந்திட்டங்கள், ஒவ்வொன்றின் தோல்விக்கும் வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இங்குக் கண்ட குறைகள் நிரலெழுதும் திறனால் மட்டும் நீங்குபவை அல்ல. இதற்கு மறுதலையான சான்றும் இலண்டனிலேயே கிடைக்கிறது. அங்கு 1996இல் நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பு ஊழியர்களின் பங்கேற்போடு படிப்படியாக உருவாக்கப்பட்டு வெற்றி பெற்றது.

ஆகவே வணிகப் பகுப்பாய்வைக் கற்பிக்கும் கல்லூரிகளும் பயிற்சி தரும் நிறுவனங்களும் இத்திறன்களைப் பேச்சுப் பயிற்சியாகக் கருதி ஒதுக்காமல், தனித்தனி முறைகள் கொண்ட பாடங்களாகப் பயிற்றுவித்தல் வேண்டும். பணியில் இருப்போர் ஒவ்வொரு தேவைக்கூற்றின் அருகிலும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம்: இதனை நாள்தோறும் பயன்படுத்தப்போகிறவர் பேசினாரா? அவர் கொண்ட பொருளும் நாம் கொண்ட பொருளும் ஒன்றா? இதற்காக எது விடப்பட்டது, அது விடப்பட்டவருக்குத் தெரியுமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடையில்லையெனில், அக்கூற்று ஒப்பமிடுவதற்கு இன்னும் உரியதாகவில்லை.